நீதிமன்றத்தின் செலவை யார் ஏற்பது?

(விசாரணை நீதிமன்றங்களின் நிர்வாகமும் நிதியும் என்னும் பொருளில் திருவனந்தபுரத்தில் ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)

திருவனந்தபுரத்தின் தலைமைச் செயலகத்திற்கும் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்திற்கும் இடையே நெடுந்தூரம் இல்லை. ஆனால் வஞ்சியூரில் ஒரு புதிய நீதிமன்றம் வேண்டும் என்னும் கோரிக்கை, தலைமைச் செயலகத்தின் கோப்புகளைக் கடந்து, நீதிபதியும் எழுத்தரும் நாற்காலியும் கொண்ட ஓர் அறையாக மாறுவதற்கு ஆண்டுகள் பல ஆகின்றன. அந்த ஆண்டுகளின் விலையை வளாகத்தின் வராந்தாவில் காத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள். விபத்தில் காலிழந்து இழப்பீடு கேட்கும் ஓட்டுநரும், திருமணத்தின்போது அணிந்துவந்த நகையைத் திரும்பக் கேட்கும் பெண்ணும், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் முதியவரும், பிணைக்கு ஆள் கிடைக்காத இளைஞனின் தாயும் அங்கே நிற்கிறார்கள்.

நீதித்துறையைப் பற்றிய விவாதம் என்றாலே நம் நாட்டில் டில்லிதான் நினைவுக்கு வருகிறது. கொலிஜியம், நீதிபதிகள் நியமனம், அரசமைப்புச் சட்ட அமர்வுகள் ஆகியவை பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் உழைக்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர் உச்சநீதிமன்றத்தைத் தம் வாழ்நாளில் காண்பதில்லை. அவர்கள் காணும் முதல் நீதிமன்றமும் கடைசி நீதிமன்றமும் முன்சீப் நீதிமன்றம், குற்றவியல் நடுவர் நீதிமன்றம், குடும்ப நல நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் ஆகியவையே. அந்த நீதிமன்றங்களை நடத்துவது யார், அவற்றுக்குப் பணம் கொடுப்பது யார் என்னும் கேள்வி, வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரிய தொழில்நுட்பக் கேள்வி அன்று. அது வர்க்க அரசியலின் கேள்வி.

மூன்று அதிகாரிகள், ஒரு வராந்தா

அரசமைப்புச் சட்டத்தின் 235ஆவது பிரிவு, மாவட்ட நீதிமன்றங்களையும் அவற்றுக்குக் கீழுள்ள நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உயர்நீதிமன்றத்திற்கு அளிக்கிறது. நீதிபதிகளின் பணியிட மாற்றம், பதவி உயர்வு, விடுப்பு எல்லாம் அதன் கையில் உள்ளன. நிர்வாகத்தின் தலையீட்டிலிருந்து நீதிபதியைக் காக்கும் இந்த ஏற்பாடு அவசியமானது. ஆனால் பணம் உயர்நீதிமன்றத்திடம் இல்லை.

உயர்நீதிமன்றத்தின் சொந்த நிர்வாகச் செலவு, 229ஆவது பிரிவின்படி மாநிலத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்டது. சட்டமன்றத்தில் அதற்கு வாக்கெடுப்பு கிடையாது. விசாரணை நீதிமன்றங்களுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றின் செலவு, மற்றத் துறைகளின் மானியக் கோரிக்கைகளைப் போலவே ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் இடம் தேட வேண்டும். ஒரு புதிய சார்பு நீதிமன்றம் வேண்டுமானால் உயர்நீதிமன்றம் பரிந்துரைக்கும்; உள்துறை ஆராயும்; நிதித்துறை கேள்வி எழுப்பும்; அமைச்சரவை முடிவெடுக்கும். நீதிபதிப் பணியிடத்திற்கு ஒப்புதல் கிடைத்தாலும் சிரஸ்தார், பெஞ்ச் கிளார்க், சுருக்கெழுத்தர், அமீனா ஆகியோருக்குத் தனித்தனியே ஒப்புதல் வேண்டும். சம்மனைக் கொண்டுசேர்க்க ஆள் இல்லாத நீதிமன்றத்தில் எத்துணைத் திறமையான நீதிபதி அமர்ந்திருந்தாலும் வழக்கு நகராது.

மூன்றாவது அதிகாரி ஒன்றிய அரசு. நெருக்கடி நிலையின்போது நிறைவேற்றப்பட்ட 42ஆவது திருத்தம், நீதிமன்றங்களின் அமைப்பை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் 11-ஏ என்னும் பதிவாகச் சேர்த்தது. அதிகாரம் பொதுவாயிற்று. செலவு பொதுவாகவில்லை. நீதிமன்றக் கட்டணத்தை வசூலிக்கும் அதிகாரம் மட்டும் மாநிலப் பட்டியலில் நின்றது. கட்டுப்பாடு ஓரிடம், சட்டம் இயற்றுவது மற்றோரிடம், பணம் கட்டுவது வேறோரிடம் என்னும் இந்த அமைப்பில் வராந்தாவில் நிற்பவருக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தூரத்தையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். இடுக்கி மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் தொடுபுழையை அடுத்த முட்டத்தில் இருக்கிறது. மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர் அங்கே ஒரு வாய்தாவுக்குச் சென்றுவர வேண்டுமானால், மலைப்பாதையில் ஒரு நாள் கழியும். அன்றைய கூலியும் போகும். நீதிபதி விடுப்பில் இருப்பதாலோ பணியிடம் காலியாக இருப்பதாலோ வழக்கு ஒத்திவைக்கப்பட்டால், அந்த இழப்பு எந்த அரசுக் கணக்கிலும் பதிவாவதில்லை.

எண்கள் சொல்வது

1987ஆம் ஆண்டில் சட்ட ஆணையம் தன் 120ஆவது அறிக்கையில், இந்தியாவில் பத்து இலட்சம் மக்களுக்கு 10.5 நீதிபதிகளே இருப்பதாகக் கணக்கிட்டு, அது 50ஆக உயர வேண்டும் என்றது. 2002ஆம் ஆண்டில் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்தாண்டுகளுக்குள் அந்த இலக்கை எட்டுமாறு உத்தரவிட்டது. இன்றோ, நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அளித்த பதிலின்படி, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் கணக்கிட்டாலும் அந்த எண்ணிக்கை 21தான். காலியிடங்களைக் கழித்தால் இன்னும் குறையும். மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றுக்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் நிலுவையில் உள்ள வழக்குகள் நான்கரைக் கோடியைத் தாண்டிவிட்டன. 2022ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூவர் தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள்.

இந்திய நீதி அறிக்கை என்னும் தொடர் ஆய்வு, எந்த மாநிலமும் தன் ஆண்டுச் செலவில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் நீதித்துறைக்குச் செலவிடுவதில்லை என்று காட்டுகிறது. 2025 அறிக்கையின்படி நாட்டில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்குக் காவல்துறைக்காக 1,275 ரூபாய் செலவாகிறது. நீதித்துறைக்கு 182 ரூபாய். இலவச சட்ட உதவிக்கு ஏறத்தாழ ஆறு ரூபாய். கைது செய்வதற்கு அரசு செலவிடும் தொகைக்கும், கைது சரியா என்று விசாரிப்பதற்குச் செலவிடும் தொகைக்கும், கைதானவருக்கு வழக்கறிஞரை அளிக்கச் செலவிடும் தொகைக்கும் இடையே உள்ள இந்த விகிதம், அரசு எந்திரத்தின் வர்க்கத் தன்மையைப் பற்றிப் பல நூல்கள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

சட்டம் டில்லியில், சுமை மாநிலத்தில்

விசாரணை நீதிமன்றங்களில் குவிந்திருக்கும் வழக்குகளில் பெரும்பகுதி நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களிலிருந்து எழுபவை. காசோலை வழக்கை எடுத்துக்கொள்ளலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆவது பிரிவு 1988ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடன் வசூலுக்கான உரிமையியல் வழக்கு ஒரே நாளில் குற்றவியல் வழக்காகவும் ஆயிற்று. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடுவர் நீதிமன்றங்களை வசூல் மையங்களாகப் பயன்படுத்தத் தொடங்கின. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நிலுவையில் இருந்த 2.31 கோடி குற்றவியல் வழக்குகளில் 35 இலட்சம் காசோலை வழக்குகள் என்பதை உச்சநீதிமன்றம் 2021இல் பதிவுசெய்தது. அந்த விசாரணையின்போதே, நாடாளுமன்றச் சட்டங்களை நிறைவேற்றக் கூடுதல் நீதிமன்றங்களை அமைக்க 247ஆவது பிரிவு ஒன்றியத்துக்கு அதிகாரம் அளிப்பதையும், அந்த அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்திருப்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இந்தக் கேள்வியைத் தேசிய அளவில் எழுப்பியதில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு சட்டத்தை இயற்றும்போதே அது நீதிமன்றங்களின் மேல் ஏற்றும் சுமையைக் கணக்கிட வேண்டும் என்னும் கருத்தை முன்னிறுத்தியது. அதன் தொடர்ச்சியாக நீதிபதி எம். ஜகந்நாத ராவ் தலைமையில் அமைந்த பணிக்குழு 2008இல் அறிக்கை அளித்தது. ஒன்றியச் சட்டங்களால் உண்டாகும் கூடுதல் செலவுக்கு ஒன்றிய அரசே நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அறிக்கை அலமாரியில் உறங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் சோதனைகளை ஒளிப்பதிவு செய்யச் சொல்கின்றன. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் வர வேண்டும் என்கின்றன. அதற்கான ஆட்களையும் கருவிகளையும் அளிக்க வேண்டியவை மாநில அரசுகள்.

ஒன்றிய நிதி வந்த காலமும் உண்டு. பதினோராவது நிதி ஆணையம் 1,734 விரைவு நீதிமன்றங்களுக்காக 502.90 கோடி ரூபாய் ஒதுக்கியது. பதின்மூன்றாவது நிதி ஆணையம் நீதித்துறை மேம்பாட்டுக்கு 5,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. ஆனால் விரைவு நீதிமன்றங்களுக்கான ஒன்றிய உதவி 2011 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டது. பதினான்காவது ஆணையம், வரிப்பங்கு 32 விழுக்காட்டிலிருந்து 42ஆக உயர்வதால் மாநிலங்களே தம் பங்கிலிருந்து செலவிடட்டும் என்றது. கேரளத்தைப் பொறுத்தவரை அந்த வரிப்பங்கின் கதை வேறு. பத்தாவது ஆணையத்தின் காலத்தில் பகிர்வு நிதியில் 3.875 விழுக்காடாக இருந்த கேரளத்தின் பங்கு, பதினைந்தாவது ஆணையத்தில் 1.925 விழுக்காடாகச் சரிந்தது. கடன் வரம்பைச் சுருக்கியதை எதிர்த்து மாநில அரசு 131ஆவது பிரிவின் கீழ் உச்சநீதிமன்றத்திற்குச் செல்ல நேர்ந்தது.

இன்று ஒன்றியம் தாராளமாகக் கொடுப்பது கணினிகளுக்குத்தான். மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் பெற்றது. கணினிமயம் வரவேற்கத்தக்கதே. கொல்லத்தில் 2024 நவம்பர் 20 முதல் காசோலை வழக்குகளுக்காக இயங்கும் முழுநேர மின்னணு நீதிமன்றம், வராந்தாவில் நிற்கும் நாள்களைக் குறைக்க வல்லது. ஆனால் சாட்சியத்தைக் கேட்பதும் எடைபோடுவதும் தீர்ப்பு எழுதுவதும் மனிதரின் வேலை. அந்த மனிதரின் ஊதியம் மாநிலத்தின் தலையில் இருக்கிறது.

கட்டணம் என்னும் தவறான விடை

நெருக்கடியில் இருக்கும் மாநில அரசு பணத்திற்கு எங்கே செல்லும்? அதன் கைக்கு எட்டும் தூரத்தில் நீதிமன்றக் கட்டணம் இருக்கிறது. இங்கேதான் இடதுசாரிகள் தம்மையே பார்த்துக் கேள்வி எழுப்ப வேண்டியுள்ளது.

நீதிமன்றக் கட்டணம் காலனி ஆட்சியின் கண்டுபிடிப்பு. 1795ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறை, அற்ப வழக்குகளைத் தடுப்பதற்காகக் கட்டணம் விதிப்பதாகக் கூறிக்கொண்டது. உண்மையான வழக்குக்கும் பொய் வழக்குக்கும் ஒரே கட்டணம் விதித்துவிட்டு இவ்வாறு காரணம் கூறுவதை மெக்காலேயே எள்ளி நகையாடினார். 1870ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. விடுதலைக்குப் பின் எம்.சி. செட்டல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம், 1958இல் அளித்த 14ஆவது அறிக்கையில், நீதி வழங்குவது அரசின் முதற்கடமை என்றும், அதற்காக வழக்காடுவோரிடம் பணம் பெறுவது கொள்கையளவில் முறையன்று என்றும் கூறியது.

2024 பிப்ரவரி 5 அன்று இடது ஜனநாயக முன்னணி அரசின் நிதியமைச்சர் கே.என். பாலகோபால் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டம், காசோலை வழக்குகளுக்கும் குடும்ப நல நீதிமன்றங்களில் சொத்து தொடர்பான வழக்குகளுக்கும் கட்டணத்தை உயர்த்த முன்மொழிந்தது. குடும்ப நல நீதிமன்றத்தில் 50 ரூபாயாக இருந்த கட்டணம், ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கோரிக்கைகளில் ஒரு விழுக்காடு ஆகும் என்பது அந்த முன்மொழிவு. பின்னர் நீதிபதி வி.கே. மோகனன் குழுவின் அறிக்கையைக் கொண்டு, 2025 பிப்ரவரி 7 அன்று தாக்கலான வரவு செலவுத் திட்டம் நீதிமன்றக் கட்டணங்களைப் பரவலாக உயர்த்தியது. எதிர்பார்த்த கூடுதல் வருவாய் 150 கோடி ரூபாய். அது 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. உயர்நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தை நாடியது.

அரசின் வாதத்தை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். கட்டணங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் மாறவில்லை. இலட்சக்கணக்கில் பணம் வசூலிக்க வரும் நிதி நிறுவனம் மிகச் சிறு தொகை கட்டி நடுவர் நீதிமன்றத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டது உண்மை. ஒன்றிய அரசு நிதியை நெரிக்கும்போது மாநிலம் தன் சொந்த வருவாயைத் தேடத்தான் வேண்டும்.

இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டாலும் கேள்வி எஞ்சுகிறது. நிதி நிறுவனத்தையும், கணவன் வீட்டார் எடுத்துக்கொண்ட தன் பொன் நகையைத் திரும்பக் கேட்கும் பெண்ணையும் ஒரே வருவாய்த் தலைப்பின் கீழ் வைக்க முடியுமா? அந்த நகை அவளது சொத்து. அதன் மதிப்பு உயர உயர, அதைத் திரும்பப் பெறுவதற்கு அவள் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையும் உயர்வது எந்த நியாயம்? காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வருபவரிடம் காவலரின் ஊதியத்தை எவரும் கேட்பதில்லை. அரசு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக்கு நோயின் கடுமைக்கேற்ப விழுக்காடு விதிப்பதைக் கேரளத்தின் இடதுசாரிகள் ஒருநாளும் ஏற்கமாட்டார்கள். நீதிமன்றம் மட்டும் ஏன் விதிவிலக்கு?

நெடுங்காலம் நடைமுறையில் இருந்த கேரளக் கட்டணப் பட்டியலின் அமைப்பையே பாருங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் பத்து இலட்சம் வரையிலான தொகைக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய். ஒரு கோடியைத் தாண்டிய தொகைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய். வருமான வரியில் எந்த முதலாளித்துவ அரசும் வெளிப்படையாகச் செய்யத் துணியாத தலைகீழ் விகிதம் இது. அண்டை மாநிலமான தமிழ்நாடு 2017இல் உரிமையியல் வழக்குக் கட்டணத்தை ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. அந்த அரசு இடதுசாரி அரசு அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1957இன் பாடம்

1957 ஏப்ரல் 5 அன்று பொறுப்பேற்ற இ.எம்.எஸ். அமைச்சரவை, ஒரு வாரத்திற்குள் குத்தகை விவசாயிகளை வெளியேற்றும் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலவுடைமையாளரின் ஆயுதமாக நீதிமன்றம் பயன்படுவதை அது அறிந்திருந்தது. அந்த அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். கேரள உரிமையியல் நீதிமன்றச் சட்டமும், ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிக்கும் 1958ஆம் ஆண்டின் விதிகளும் அவரது காலத்தவை. நாடு தழுவிய சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987இல்தான் இயற்றப்பட்டது. 1995இல்தான் நடைமுறைக்கு வந்தது. கேரளம் அதற்கு ஒரு தலைமுறை முந்தியது. பிற்காலத்தில் உச்சநீதிமன்ற நீதிபதியாக, 1980ஆம் ஆண்டின் ஜெய்ஸ்வால் நிலக்கரி நிறுவன வழக்கில், மிகுதியான கட்டணம் நீதியின் வாயிலை அடைப்பதைக் குறித்துக் கிருஷ்ணய்யர் வருந்தி எழுதினார்.

நிலச் சீர்திருத்தத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, குத்தகை உரிமைக் கேள்விகளை நிலத் தீர்ப்பாயங்கள் முடிவு செய்தன. 125ஆவது பிரிவு உரிமையியல் நீதிமன்றங்களின் அதிகார வரம்பைத் தடுத்தது. செலவு மிகுந்த வழக்குமுறை குத்தகையாளரைக் களைப்படையச் செய்து தோற்கடிக்கும் என்பதை விவசாயிகள் இயக்கம் அனுபவத்தில் கற்றிருந்தது.

முதலமைச்சராக இருந்தபோது 1967 நவம்பரில் செய்தியாளர்களிடம் நீதித்துறையின் வர்க்கச் சார்பைப் பற்றிப் பேசியதற்காக இ.எம்.எஸ். நீதிமன்ற அவமதிப்பு வழக்கைச் சந்தித்தார். உயர்நீதிமன்றம் விதித்த 1,000 ரூபாய் அபராதத்தை 1970இல் உச்சநீதிமன்றம் 50 ரூபாயாகக் குறைத்தது. குற்றத் தீர்ப்பை மாற்றவில்லை. நீதிபதியின் மனச்சாய்வைப் பற்றி அன்று எழுந்த விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் வர்க்கச் சார்பு தீர்ப்பில் மட்டும் இருப்பதில்லை. வாயிலில் வசூலிக்கும் கட்டணத்திலும், நிரப்பப்படாத பணியிடத்திலும், இருபதாவது வாய்தாவிலும் அது இருக்கிறது. இவற்றை மாற்ற நீதிபதியின் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டமன்றப் பெரும்பான்மையும் அரசியல் உறுதியும் போதும்.

கோர வேண்டியவை

முதலாவதாக, குடும்ப நல வழக்குகள், ஊதியமும் பணிப்பாதுகாப்பும் சார்ந்த வழக்குகள், விபத்து இழப்பீடு, வாடகைதாரர் வழக்குகள், பிணை மனுக்கள் ஆகியவற்றில் மதிப்பைச் சார்ந்த கட்டணமும் கட்டண உயர்வும் கூடாது. பெருநிறுவனங்களின் வசூல் வழக்குகளில் கட்டணம் உயரட்டும். விகிதத்தின் தலைகீழ் வரிசை நிமிர்த்தப்பட வேண்டும்.

இரண்டாவதாக, ஒன்றியச் சட்டங்களால் எழும் வழக்குகளின் விகிதத்திற்கேற்ப விசாரணை நீதிமன்றங்களின் ஊதியச் செலவில் ஒன்றிய அரசு நிலையான பங்கை ஏற்க வேண்டும். கட்டடத்திற்கும் கணினிக்கும் மட்டும் உதவிவிட்டு விலகுவது கூட்டாட்சி ஆகாது. ஜகந்நாத ராவ் பணிக்குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மாநில அரசு ஒவ்வொரு மாவட்டத்திற்கும் நீதிபதிகள், ஊழியர்கள், காலியிடங்கள், செலவு ஆகியவற்றைக் காட்டும் தனிக் கணக்கை வரவு செலவுத் திட்டத்தோடு வெளியிட வேண்டும். உயர்நீதிமன்றமும் தன் பங்குக்குக் காலியிடங்களை நிரப்பும் கால அட்டவணையை மக்கள் முன் வைக்க வேண்டும். நீதித்துறையின் சுதந்திரம் என்பது கணக்குக் காட்டாத சுதந்திரம் அன்று.

நான்காவதாக, அமீனா முதல் சிரஸ்தார் வரை நீதிமன்ற ஊழியர் பணியிடங்கள் நிரந்தரப் பணியிடங்களாக நிரப்பப்பட வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் வாழும் தேவிகுளம், பீர்மேடு போன்ற பகுதிகளில் தமிழறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் நீதிமன்ற ஊழியர்களாகவே இருக்க வேண்டும். தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்பது புரியாமல் நிற்பவருக்கு நீதி கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

தோழர்களே! 150 கோடி ரூபாய் என்பது நிதி நெருக்கடியில் உள்ள மாநிலத்திற்குச் சிறு தொகை அன்று. அதை வேறு எங்கிருந்து பெறுவது என்று நிதியமைச்சர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான விடை டில்லியில் இருக்கிறது. அதற்காகக் கேரளமும் தமிழ்நாடும் பிற மாநிலங்களும் சேர்ந்து போராட வேண்டும். அந்தப் போராட்டம் வெல்லும்வரை பற்றாக்குறையை வஞ்சியூர் வராந்தாவில் நிற்பவர்களிடமிருந்து வசூலிப்பதில்லை என்னும் முடிவைத் திருவனந்தபுரத்திலேயே எடுக்க முடியும். 1957இல் அதைவிடக் கடினமான முடிவுகள் இதே நகரத்தில் எடுக்கப்பட்டன.